சம்பளம் உதிர்ந்த புட்டு: மதுரைச் சங்கீதத்தில் இதெல்லாம் தெரியுமா?

ஆரப்பாளையம் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பஸ் ஸ்டாண்டுதான் நினைவுக்கு வரும். ‘தேனி, தேனி, தேனி’ என்று ஒரு குரல், ‘திண்டுக்கல், கோயம்புத்தூர்’ என்று இன்னொரு குரல், இரண்டுக்கும் நடுவே கொய்யாப்பழக் கூடை. ஆனால் உலகத்திலேயே மிகக் குறைந்த சம்பளத்துக்கு ஒருவர் பாடிய இடம் இதே ஆரப்பாளையம்தான் என்று மதுரை நம்புகிறது, தெரியுமா? பாடியவர் சாட்சாத் சொக்கநாதர். சம்பளம், உதிர்ந்த புட்டு!

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். வைகையில் வெள்ளம். வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரையை அடைக்க வேண்டும் என்று பாண்டியன் உத்தரவு. புட்டு விற்றுப் பிழைக்கும் வந்திக் கிழவிக்கு ஆள் இல்லை. கூலிக்காரனாக வந்த இறைவன், உதிர்ந்த புட்டைக் கூலியாக வாங்கிக்கொண்டு வேலைக்குப் போகிறார். பிரம்படி பட்டதைத்தான் எல்லோரும் சொல்வோம். அதற்கு முன்னால் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதை விட்டுவிடுவோம். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தைப் புரட்டிப் பாருங்கள். மண் சுமந்த நேரம் கொஞ்சம்; ஆடியதும் பாடியதும் மரத்தடியில் தூங்கியதும்தான் அதிகம். சக கூலிகளுக்கு அன்று கரையோரத்தில் இலவசக் கச்சேரி!

ஆண்டுதோறும் ஆவணி மூலத்தன்று மீனாட்சியும் சுந்தரேஸ்வரரும் ஆரப்பாளையத்துப் புட்டுத்தோப்புக்கு வந்து இந்தக் காட்சியை நடத்திக் காட்டுகிறார்கள். திருப்பரங்குன்றத்திலிருந்து முருகன் வருகிறார். திருவாதவூரிலிருந்து மாணிக்கவாசகர் வருகிறார். வெள்ளம் வந்ததே அவரைப் பாண்டியன் தண்டித்ததால்தானே, அவர் வராமல் எப்படி?

மறுநாள் என்ன நடக்கும் தெரியுமா? மண் சுமந்த அதே சாமி அடுத்த நாள் விறகு விற்கப் போகிறார். ஆவணி மூலத் திருவிழாவில் புட்டுக்கு அடுத்து விறகு விற்ற லீலை. இது முழுக்க முழுக்கச் சங்கீதக் கதை!

வடக்கிலிருந்து ஏமநாதன் என்ற பெரிய பாடகன் வருகிறான். வரகுண பாண்டியன் சபையில் பாடி, பரிசெல்லாம் வாங்கி, மார்தட்டுகிறான். எதிர்த்துப் பாட வேண்டியவர் பாணபத்திரர். யாழ் வாசித்து இறைவனைப் பாடுவதே தொழிலாகக் கொண்ட மனிதர். ஏமநாதனின் சீடர்கள் ஊர்த் தெருக்களில் பாடுவதைக் கேட்டே அவருக்கு வயிற்றைக் கலக்கிவிடுகிறது. கோயிலுக்குப் போய் முறையிடுகிறார். அன்று மாலை, அழுக்குத் துணியும் விறகுக் கட்டும் பழைய யாழுமாக ஒரு கிழவர் ஏமநாதன் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து சாதாரிப் பண் பாடுகிறார். மரம், விலங்கு, பறவை எல்லாம் அப்படியே நின்றுவிடுகின்றன. ‘யாரய்யா நீ?’ என்று ஏமநாதன் கேட்க, கிழவர் சொல்லும் பதிலில்தான் குறும்பு. ‘பாணபத்திரரிடம் கற்றுக்கொள்ளப் போனேன், லாயக்கில்லை என்று தள்ளிவிட்டார்!’ தள்ளப்பட்டவனே இப்படிப் பாடினால் தள்ளியவர் எப்படிப் பாடுவார்? ஏமநாதன் ராத்திரியோடு ராத்திரியாக ஊரைக் காலி செய்துவிட்டான்.

1965-இல் ஏ.பி. நாகராஜன் இதைத் ‘திருவிளையாடல்’ படத்தில் வைத்தார். டி.எஸ். பாலையாவின் ஏமநாத பாகவதருக்குப் பாலமுரளிகிருஷ்ணா குரல் கொடுத்தார். விறகு விற்க வந்த சிவனுக்குக் குரல் யார்? டி.எம். சௌந்தரராஜன். 1922-இல் இதே மதுரையில் பிறந்தவர்! மதுரைச் சாமிக்கு மதுரைக் குரல்.

படம் அந்த இடத்தோடு நிறுத்திவிட்டது. புராணம் நிறுத்தவில்லை. பாணபத்திரருக்காக மட்டும் தொடர்ந்து நான்கு படலங்கள் இருக்கின்றன, தெரியுமா? அறுபத்து நான்கில் நான்கு! முதலாவது விறகு. இரண்டாவதில், வறுமைப்பட்ட பாணருக்குப் பொருள் கொடுக்கச் சொல்லிச் சேர மன்னனுக்கு இறைவனே கடிதம் எழுதித் தருகிறார். இந்தத் திருமுகப் பாசுரம்தான் சைவர்களின் பதினோராம் திருமுறையில் முதல் பாட்டு. உதவித்தொகைக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதும் பழக்கத்தை இவ்வளவு உயர்ந்த கையெழுத்தோடு தொடங்கிவைத்த ஊர் வேறு உண்டா என்று தெரியவில்லை.

மூன்றாவது எனக்குப் பிடித்தது. பாணபத்திரர் நள்ளிரவில் கோயிலில் நின்று பாடுகிறவர். ஒருநாள் அடைமழை. காலடியில் சேறு, யாழ் நனைகிறது, உடம்பு நடுங்குகிறது, மனிதர் பாட்டை நிறுத்தவில்லை. இறைவன் என்ன செய்தார்? மழையை நிறுத்தியிருக்கலாம். செய்யவில்லை. நின்று பாட ஒரு பொற்பலகை போட்டார்! வித்வானுக்கு முதலில் மேடையைச் சரியாகப் போட்டுக் கொடுங்கள், மற்றதை அவர் பார்த்துக்கொள்வார் என்பது அன்றைக்கே தெரிந்திருக்கிறது. இன்றைக்குக் கோயில் விழாக்களில் ஆடும் பெஞ்சுமீது ஜமக்காளம் விரித்து மிருதங்கக்காரரை உட்கார வைக்கிற விழாக் குழுக்கள் இந்தப் படலத்தைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

நான்காவதில் பாட வருவது பாணபத்திரரின் மனைவி. ஈழத்திலிருந்து வந்த பாடினியோடு போட்டி. மன்னனின் சாய்வு ஈழப் பாடினி பக்கம். அரசவைத் தீர்ப்பு வேண்டாம், கோயிலில் பாடுவோம் என்று கேட்டு, அங்கே பாடி வெல்கிறார் இந்த அம்மாள். நீதிபதி சரியில்லை என்றால் நீதிமன்றத்தை மாற்றக் கேட்கும் துணிச்சல்!

அதற்கும் முன்னால் போவோம். சிலப்பதிகாரம். கோவலனும் கண்ணகியும் வைகையைக் கடந்து வந்து தங்கியது மதுரைக் கோட்டைக்கு வெளியே ஆயர்பாடியில், மாதரி என்ற ஆய்ச்சியின் வீட்டுப் பக்கம். கெட்ட சகுனங்கள் தோன்றுகின்றன. பால் உறையவில்லை, வெண்ணெய் உருகவில்லை. மாதரி என்ன செய்கிறாள்? குரவை ஆடுவோம் என்கிறாள். ஏழு பெண்களை வட்டமாக நிறுத்தி, குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஒவ்வொருத்திக்கும் ஒரு சுரத்தின் பெயரை வைக்கிறாள். ஏழு ஆய்ச்சியர், ஏழு சுரம்! மதுரை எல்லையில் மோர் விற்கும் பெண்களுக்குச் சுர இலக்கணம் தெரிந்திருந்ததாக இளங்கோ எழுதுகிறார். ஊருக்கு ஆபத்து என்றதும் அவர்கள் முதலில் எடுத்த மருந்து பாட்டு.

கச்சேரிக்கு நாம் போக வேண்டும். மதுரையிலோ கச்சேரியே நம் வாசலுக்கு வரும். ஆடி, சித்திரை, ஆவணி, மாசி என்று வீதிகளுக்கு மாதங்களின் பெயர் வைத்த ஊரில், சாமி புறப்பட்டால் முன்னால் நாகசுரமும் தவிலும். ஊர்வலம் கிளம்பும்போது வாசிப்பது மல்லாரி. இதற்குச் சாகித்தியமே கிடையாது, தெரியுமா? சொற்கட்டு மட்டும்தான். கம்பீர நாட்டை ராகத்தில் தகதகவென்று கிளம்பும். தீர்த்தம் கொண்டுவரும்போது தீர்த்த மல்லாரி, நைவேத்தியம் வரும்போது தளிகை மல்லாரி, தேருக்குத் தேர் மல்லாரி. பழகிய காதுக்குக் கோயிலுக்குள் வராமலே உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியும். கண் தெரியாதவருக்கும் வீட்டில் படுத்த படுக்கையாக இருப்பவருக்கும் திருவிழாவைக் கொண்டுபோய்க் கொடுக்கிற ஏற்பாடு இது. டிக்கெட் இல்லை, சபா இல்லை, முன்வரிசை பின்வரிசை இல்லை.

இன்னும் சில. தவில்காரரின் வலக்கை விரல்களில் வெள்ளையாக மாட்டியிருக்கிறதே, அது உலோகம் என்று நினைப்பவர்கள் பலர். துணியைப் பசையும் சுண்ணாம்பும் சேர்த்துச் சுற்றி இறுக்கிக் காயவைத்த ‘கூடு’ அது. நாகசுரம் செய்யும் ஆச்சா மரம் புதிதாக இருக்கக் கூடாது. பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் முற்றிய உத்திரங்களைத் தேடிப் பிடித்துக் கடைவார்கள். கும்பகோணத்துப் பக்கம் நரசிங்கம்பேட்டை இதில் பேர்போன ஊர். 2022-இல் அந்த ஊர் நாகசுரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மீனாட்சி கோயிலின் வடக்கு ஆடி வீதியில் ஐந்து இசைத் தூண்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரே கல்லில் குடைந்த 22 சிறு தூண்கள். சுருதிகளும் 22 என்பார்களே, சிற்பி கணக்குப் போட்டுத்தான் செதுக்கினாரா என்று கேட்கத் தோன்றுகிறது. தட்டிப் பார்க்கக் கை துறுதுறுக்கும். தட்டாதீர்கள்!

‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் சிவாஜி கன்னம் உப்ப நாகசுரம் வாசிப்பதைப் பார்த்து, அவரே வாசித்தார் என்று சத்தியம் செய்த தாத்தாக்கள் உண்டு. 1968-இல் அந்தப் படத்துக்கு உண்மையில் வாசித்தவர்கள் எம்.பி.என். சேதுராமன், எம்.பி.என். பொன்னுசாமி என்ற மதுரைச் சகோதரர்கள். ஒரு கிராமத்து டூரிங் டாக்கீஸில் நாலணா கொடுத்து மண்ணில் உட்கார்ந்தவருக்கும் அந்த வாசிப்பு போய்ச் சேர்ந்தது. சங்கீத சபாக்கள் நூறு ஆண்டு பாடுபட்டாலும் அத்தனை பேரை எட்டியிருக்க முடியுமா என்பது சந்தேகம்தான்.

இந்தச் சகோதரர்களின் தாத்தா யார் தெரியுமா? மதுரை எம்.கே.எம். பொன்னுசாமிப் பிள்ளை. நாகசுர வித்வான். 1930-இல் ‘பூர்வீக சங்கீத உண்மை’ என்று ஒரு நூல் எழுதி, கர்நாடக சங்கீதத்தின் அஸ்திவாரத்தையே ஆட்டிப் பார்த்தவர். ராகங்களுக்கு 72 மேளகர்த்தா என்பது எல்லோரும் ஒத்துக்கொண்ட கணக்கு. அவர் சொன்னார்: 32 போதும்! சரியா தவறா என்று வித்வான்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும். ஒரு கோயில் வாத்தியக்காரர், தன் கைக்கும் காதுக்கும் தெரிந்ததை எழுத்தில் வைத்துப் பண்டிதர்களைச் சபைக்கு இழுத்தாரே, அதுதான் விஷயம். மேளக்காரர் வாசிப்பார், மற்றவர்கள் ஆராய்ச்சி செய்வார்கள் என்று இருந்த காலம் அது.

சங்கீதப் பள்ளிக்கூடம் என்றால் இன்று சென்னையைத்தான் சொல்வோம். 1920-லேயே மதுரையில் ஒன்று தொடங்கியாயிற்று. தொடங்கியவர் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர். பெயர் தியாகராஜ சங்கீத வித்யாலயம். குருவின் வீட்டில் எடுபிடி வேலை செய்துகொண்டே வருஷக்கணக்கில் காத்திருந்து கற்பதுதான் வழக்கம் என்றிருந்த நாளில், பள்ளிக்கூடம் போலச் சேர்ந்து படிக்கலாம் என்று கதவைத் திறந்தார். இவர் ஒரு விளையாட்டுக்காரர் வேறு. உதடு ஒட்டாமல் ஒரு ராகம் பாட முடியுமா? ஏழு சுரத்தில் உதடு சேர்வது ம, ப இரண்டுக்குத்தானே! அவற்றைத் தூக்கிவிட்டு ச, ரி, க, த, நி என்று ஐந்தை மட்டும் வைத்து ‘நிரோஷ்டா’ என்று ராகமே செய்துவிட்டார். இப்போதே வாய்க்குள் சொல்லிப் பாருங்கள், உதடு சேராது!

அந்த வித்யாலயத்தில் ராஜம் பாகவதரிடம் படித்த ஒரு பையன், 1912-இல் மதுரையில் பிறந்தவன், பின்னாளில் ஊர்ப் பெயரையே முன்னால் போட்டுக்கொண்டான். மதுரை மணி அய்யர். முத்தையா பாகவதர் போட்ட ஆங்கில நோட்டை நாடெங்கும் கொண்டுசேர்த்தது அவர் குரல்தான். பேண்டு வாத்தியத்துக்கு உரிய மெட்டு அவர் வாயில் ச ரி க ம என்று துள்ளும். சங்கீதம் தெரியாதவரும் தாளம் போடுவார். மயிலாப்பூரில் அவர் கச்சேரி என்றால் ரிக்‌ஷாக்காரர்கள் சவாரியை விட்டுவிட்டு வெளியே நின்று கேட்பார்கள் என்று பழைய ரசிகர்கள் இன்றும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறார்கள். பார்வை மிகவும் மங்கிய மனிதர். எதிரே உட்கார்ந்திருப்பவர் ஜமீன்தாரா, ரிக்‌ஷாக்காரரா என்பது அவருக்குத் தெரிந்திருக்குமா?

ஏழைப் பையன்கள் சங்கீதம் படிக்க இன்னொரு வழியும் மதுரையில் இருந்தது. நாடகக் கம்பெனி. 1918-இல் சங்கரதாஸ் சுவாமிகளை ஆசிரியராகக் கொண்டு தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா இங்கே தொடங்கியது. டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாகச் சேர்ந்தது இதில்தான். சோறு, துணி, பாட்டு வாத்தியார், மூன்றும் கம்பெனியில். கண்டிப்பும் அடியும் நிறைய என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். அந்தக் காலத்தைத் தேனும் பாலுமாகச் சொல்லிவிடக் கூடாது. ஆனால் ராகம் போட்டுப் பாடத் தெரிந்த ஒரு தலைமுறையே அந்தக் கொட்டகைகளிலிருந்து வந்தது.

இனி எம்.எஸ்.! மதுரை, சங்கீதம் என்று சொல்லிவிட்டு அவரை விட்டுப் போக முடியுமா? 1916 செப்டம்பர் 16, அனுமந்தராயன் கோயில் தெரு. அம்மா சண்முகவடிவு வீணை, பாட்டி அக்கம்மாள் வயலின். இதெல்லாம் பாடப் புத்தகத்திலேயே வந்துவிட்டது. அவர் முதன்முதலாகச் சபையில் பாடியபோது கையில் மண் ஒட்டியிருந்தது தெரியுமா? சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் அம்மாவின் வீணைக் கச்சேரி. குழந்தை வெளியே மண்ணில் விளையாடிக்கொண்டிருந்தது. யாரோ தூக்கிக்கொண்டு போய், கையைக் கழுவித் துடைத்து, மேடையில் உட்கார வைத்து ‘பாடு’ என்றார்கள். பாடிவிட்டு, மறுபடி விளையாட எப்போது விடுவார்கள் என்று பார்த்திருக்கிறது. அதே பள்ளிக்கூடத்தில்தான் 1904-இல் பாரதியார் சில மாதங்கள் தமிழ் வாத்தியாராக இருந்தார். ஒரே கட்டடம்!

எம்.எஸ். பாடியதை எல்லோரும் சொல்வார்கள். கொடுத்ததைச் சொல்கிறேன். 1941-இல் ‘சாவித்திரி’ படத்தில் நாரதர் வேடம் போட்டார். பெண், ஆண் வேடத்தில்! ஏன்? அந்தச் சம்பளத்தில் ஒரு பத்திரிகை தொடங்க வேண்டியிருந்தது. அதுதான் ‘கல்கி’. நீங்கள் பொன்னியின் செல்வனை வாராவாரம் படித்த அந்தப் பத்திரிகைக்கு முதல் போட்டது நாரதரின் தம்பூரா. 1944-இல் கஸ்தூரிபா நினைவு நிதிக்காக ஐந்து கச்சேரிகள். அதன் பிறகு மருத்துவமனை, பள்ளிக்கூடம், கோயில், அனாதை இல்லம் என்று நிற்கவே இல்லை. நன்கொடைக் கச்சேரிகள் மட்டும் 200-க்கு மேல். திரட்டிக் கொடுத்த தொகை ஒரு கோடி ரூபாயைத் தாண்டும். தங்கம் பவுன் சில நூறு ரூபாய்க்கு விற்ற காலமும் சேர்ந்த கோடி அது!

விடியற்காலையில் உங்கள் தெரு டீக்கடையில் ஒலிக்கும் வேங்கடேச சுப்ரபாதம் இருக்கிறதே, 1963-இல் பதிவானது. அதன் ராயல்டியைத் திருப்பதி வேத பாடசாலைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். டீக்கடைக்காரர் கேசட் வாங்கியபோதெல்லாம் எங்கோ ஒரு மாணவனுக்குச் சோறு போயிருக்கிறது.

1966-இல் ஐக்கிய நாடுகள் சபையில் அவர் பாடியது தெரியும். அதில் ஓர் ஆங்கிலப் பாட்டும் இருந்தது. எழுதியவர் ராஜாஜி, இசை அமைத்தவர் சென்னை வானொலியின் ஹேண்டல் மானுவல். காஞ்சிப் பெரியவர் எழுதிய சமஸ்கிருதப் பாட்டும் அதே மேடையில். மதுரைத் தெருவில் பிறந்த பெண், அரசியல்வாதியின் ஆங்கிலத்தையும் துறவியின் சமஸ்கிருதத்தையும் உலகத்தின் முன்னால் வைத்தார்.

இப்படிக் கொடுத்துக் கொடுத்தே ஒரு கட்டத்தில் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. கல்கி தோட்டம் என்ற பெரிய வீட்டை விட்டு வெளியேறினார்கள். கோடி கொடுத்தவரிடம் நேராகப் போய்ப் பணம் கொடுத்தால் வாங்குவாரா? திருப்பதி தேவஸ்தானம் யோசித்தது. அன்னமாச்சாரியார் கீர்த்தனைகளைப் பாடித் தாருங்கள் என்று கேட்டது. அறுபது வயது தாண்டியவர், நேதுநூரி கிருஷ்ணமூர்த்தி மெட்டமைத்த தெலுங்குப் பாட்டுகளை மாணவியைப் போல உட்கார்ந்து பாடம் பண்ணினார். ஐந்து இசைத்தட்டுகள், பாலாஜி பஞ்சரத்ன மாலை. உதவி செய்தவருக்கும் மானம், வாங்கியவருக்கும் மானம்.

1974-இல் பொதுச் சேவைக்காக மகசேசே விருது கிடைத்தது. கவனியுங்கள், பொதுச் சேவைக்கு! அடுத்த ஆண்டு, 1975-இல், பூமியின் மறுபக்கத்தில் வெனிசுவேலாவின் கராகஸ் நகரில் ஹோசே அந்தோனியோ அப்ரேயு என்ற பொருளாதார நிபுணர் ஒரு கார் கொட்டகையில் பதினொரு பிள்ளைகளை வைத்து இசைக்குழு தொடங்கினார். அது பிறகு லட்சக்கணக்கான ஏழைக் குழந்தைகளின் கையில் வயலின் கொடுத்த ‘எல் சிஸ்டமா’. இரண்டு பேருக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது. 1977-இல் தில்லி ஐ.ஐ.டி. பேராசிரியர் கிரண் சேத், பள்ளி கல்லூரிகளுக்கே வித்வான்களைக் கூட்டிக்கொண்டு போகும் ‘ஸ்பிக் மெக்கே’வைத் தொடங்கினார். மாணவர்களுக்கு டிக்கெட் இல்லை. இவர் 2022-இல், எழுபது வயதைத் தாண்டிய பிறகு, காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரிக்கு சைக்கிளில் கிளம்பினார் என்பது தெரியுமா? கியர் சைக்கிள்கூட இல்லை!

2016-இல் இன்னொரு கர்நாடகப் பாடகருக்கு மகசேசே கிடைத்தது. டி.எம். கிருஷ்ணா. சென்னை ஊரூர் ஆல்காட் குப்பத்தில் மீனவர்களோடு சேர்ந்து விழா நடத்தி, கச்சேரியைக் கடற்கரைக்குக் கொண்டுபோனவர். அவர் பேசுவதில் எனக்கு ஒப்புதல் இல்லாத இடங்கள் உண்டு. கொரோனா ஊரடங்கில் மேடை இழந்து அடுப்பு அணைந்துபோன கூத்துக்காரர்களுக்கும் மேளக்காரர்களுக்கும் அவருடைய அறக்கட்டளை நிதி திரட்டிக் கொடுத்ததில் மறுபேச்சு இல்லை. திருவிழாவே நடக்காத அந்த ஆண்டில் நாகசுரக்காரர் வீட்டுக் கதை எப்படி இருந்திருக்கும்? சீசன் நாலு மாதம் வாசித்து மிச்ச மாதம் ஓட்டுகிற வீடு அது.

மறுபடி நம் ஊருக்கு. சௌராஷ்டிர மொழியில் கீர்த்தனைகள் உண்டு, தெரியுமா? 1843-இல் மதுரையில் பிறந்த நடனகோபால நாயகி சுவாமிகள் பாடியவை. தன்னை நாயகியாகப் பாவித்து, பெண் கோலத்தில், வீதிகளில் ஆடிப் பாடிக்கொண்டு போவார். பின்னால் நெசவாளர் கூட்டம் தாளத்தோடு. தமிழிலும் பாடியிருக்கிறார். 1914-இல் மறைந்தார், அழகர்கோயில் போகும் வழியில் காதக்கிணற்றில் அவர் பிருந்தாவனம் இருக்கிறது. வீட்டில் பேசும் மொழிக்கு இசைமேடை கிடைப்பது லேசான காரியமா என்ன!

ஆரப்பாளையத்தில் ‘தேனி, தேனி’ என்று கூவுகிறார்களே, அந்த வழியில் போனால் பண்ணைப்புரம். பாவலர் வரதராசன் கம்யூனிஸ்ட் மேடைகளில் ஆர்மோனியத்தோடு பாடி ஊர் ஊராகப் போனபோது, கூடவே போன தம்பிகளில் ஒருவர் இளையராஜா. அவர் 2005-இல் திருவாசகத்தைப் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவோடு பதிவு செய்தார். புட்டுத்தோப்புக்கு ஆவணியில் பல்லக்கில் வரும் அதே மாணிக்கவாசகர், ஹங்கேரிக்காரர்களின் வயலினில்! அலங்காநல்லூர் பக்கம் போனால் வேலு ஆசான். சாவுக்கு அடிப்பது என்று ஒதுக்கிவைத்த பறையை ஊர் ஊராகப் போய் எல்லோருக்கும் கற்றுக்கொடுத்தவர். 2025-இல் பத்மஸ்ரீ. செவ்வியல் எது, நாட்டார் எது என்று கோடு போடுகிறவர்கள் அந்த அடியைப் பக்கத்தில் நின்று கேட்டுவிட்டு வந்து போடட்டும்.

கற்றுக்கொள்ள வசதி இல்லை என்று சொல்லிவிட முடியாது. தமிழ்நாட்டில் அரசு இசைக் கல்லூரிகள் நான்கு: சென்னை, திருவையாறு, கோவை, மதுரை. மதுரையில் இருப்பது பசுமலையில். மாவட்ட அரசு இசைப் பள்ளிகள் 17. குரலிசை, நாகசுரம், தவில், தேவாரம், வயலின், மிருதங்கம், பரதநாட்டியம். தனியார் வகுப்பில் ஒரு மாதத்துக்குக் கேட்கும் கட்டணம்கூட அங்கே ஆண்டுக்கு ஆகாது. பிள்ளையின் ‘சூப்பர் சிங்கர்’ ஆசைக்காக லட்சம் செலவழிக்கும் பெற்றோருக்கு இந்த விலாசம் தெரியவே தெரியாது.

கடைசியாகப் பானை. கடம் என்பது சமையல் பானைதான் என்று நினைத்திருந்தால், மானாமதுரைக்கு ஒருமுறை போய்வாருங்கள். அங்கே வனையும் கடம் கனமானது, சுவர் தடித்தது, தட்டினால் வெண்கல நாதம். பல கண்மாய்களின் மண்ணைக் கலந்து, வைகை மணலும் சேர்த்து மிதித்து, சக்கரத்தில் வனைந்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்கும். ஈரப்பானைக்குள் ஒரு கையால் கல்லை அணைகொடுத்து, வெளியே மரப்பலகையால் தட்ட வேண்டும். பத்து இருபது தட்டு இல்லை, ஆயிரக்கணக்கில்! சுவர் எங்கும் ஒரே கனமாக வந்தால்தான் சுருதி நிற்கும். சூளையிலிருந்து வந்தபின் திருகி ஏற்றி இறக்க வீணைபோல முறுக்காணி கிடையாது. ஐந்து கட்டை வேண்டும் என்றால் மண்ணிலேயே ஐந்து கட்டையை நினைத்துக்கொண்டு தட்ட வேண்டும்.

அப்படித் தட்டிக்கொண்டே வாழ்ந்த மீனாட்சி அம்மாளுக்குச் சங்கீத நாடக அகாதமி விருது கொடுத்தார்கள், தெரியுமா? மேடையில் உட்கார்ந்து கச்சேரி செய்யாத, மண்ணில் உட்கார்ந்து பானை தட்டிய குயவர் வீட்டுப் பெண்ணுக்கு! விக்கு விநாயக்ராம் கடத்தை உலக மேடைக்குக் கொண்டுபோய், கிராமி விருது பெற்ற இசைத்தட்டில் வாசித்ததெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பானைகள் எந்த மண்ணில் வந்தன என்று யாரும் கேட்பதில்லை. 2023-இல் மானாமதுரை மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தாயிற்று.

வாங்கப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். மானாமதுரை பஸ் ஆரப்பாளையத்தில் கிடைக்காது, மாட்டுத்தாவணிக்குப் போக வேண்டும். இல்லையென்றால் ராமேஸ்வரம் ரயிலைப் பிடியுங்கள். எத்தனை கட்டை என்று சொல்லிக் கேளுங்கள். பேரம் பேசும்போது அந்த ஆயிரக்கணக்கான தட்டுகளை நினைத்துக்கொண்டு பேசுங்கள். வரும்போது மடியில் வைத்துக்கொண்டு வாருங்கள், மேலே சாமான் தட்டில் போட்டுவிடாதீர்கள்!